தவக்காலத்தில் சாவைப் பற்றி உண்மையிலேயே யோசிக்கிறோமா?

எளியவன்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. இந்த முறை எதை விடப்போகிறாய், இறைச்சியா, இனிப்பா, கைப்பேசியா, போன முறை விட்டதைக் கடைசிவரை காப்பாற்றினாயா என்று. நல்ல பேச்சுதான், நானும் பேசுகிறவன்தான். ஆனால் அந்தப் புதன்கிழமை சாம்பல் வாங்க வரிசையில் நின்று குருவானவர் முன்னால் தலையைக் குனியும்போது நம்மிடம் சொல்லப்படுவது இதில் எதுவுமே இல்லை. நீ மண், மண்ணுக்கே திரும்புவாய், அதை நினைவில் கொள் என்கிறார்கள். விவிலியத்தின் தொடக்க நூல் 3:19, ஆதாமுக்குக் கடவுள் சொன்ன தீர்ப்பு. நல்ல உடல்நலத்தோடு நிற்கிற ஒருவனின் முகத்தைப் பார்த்து நீ சாகப்போகிறாய் என்று வேறு யாரும் சொல்ல மாட்டார்கள், மருத்துவரே தயங்குவார். ஆலயம் அதை வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் சொல்கிறது. சொல்லி முடித்த அரைமணி நேரத்தில் நாம் மறுபடி இறைச்சியா இனிப்பா என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

இன்னொன்றும் கவனித்தேன். சாம்பல் இடும்போது சொல்லத் திருப்பலி நூலில் இரண்டு வாசகங்கள் இருக்கின்றன. ஒன்று இந்த மண் வாசகம், மற்றது மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள் என்ற மாற்கு 1:15. குருவானவர் எதையும் எடுத்துக்கொள்ளலாம். நான் போகிற இடங்களில் பல வருடங்களாக இரண்டாவதைத்தான் கேட்கிறேன். ஆண்டவருடைய சொல், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனாலும் மண் என்ற சொல் காதில் விழாமலே தவக்காலம் தொடங்குவது எனக்கு இழப்பாகத் தெரிகிறது. சாவை எடுத்துவிட்டால் மீதி இருப்பது ஒழுக்கப் பயிற்சிதானே? அதைச் செய்யக் கடவுள் நம்பிக்கைகூட அவசியமில்லை.

அதனால் நேராகவே கேட்கிறேன். இந்த நாட்களில் உங்கள் சாவைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் செய்கிறீர்கள்? அதனால் எதாவது மாறியதா?

நள்ளிரவுப்பணி

நான் செவிலியர். இனிக் குணமாக்க முடியாது என்று தெரிந்த நோயாளிகளின் வலியைக் குறைக்கிற பிரிவில் பல வருடங்களாக வேலை. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து வரும்.

கடைசி நாட்களில் இருக்கிறவர்களிடம் யாரும் நீ மண் என்று சொல்லத் தேவையில்லை, அவர்களுக்குத் தெரியும். சிலர் வாய் திறந்து சொல்வார்கள், சிலர் சொல்லாமல் வீட்டு விஷயங்களை வேகவேகமாகப் பேசுவார்கள், அதிலேயே தெரிந்துவிடும். தெரியாதது போல இருப்பது பெரும்பாலும் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள். அப்பா, அடுத்த மாதம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மகன் சொல்வார், அப்பா தலையாட்டுவார், மகன் தேநீர் குடிக்க வெளியே போனதும் என்னிடம், அவன்கிட்ட எப்படிச் சொல்றது சிஸ்டர் என்று கேட்பார். இரண்டு பேருக்கும் சொல்ல நிறைய இருக்கும், ஆனால் சொற்களே பழக்கமில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் பேச்சைத் தள்ளிவைத்தவர்களுக்குக் கடைசி வாரத்தில் அது எங்கிருந்து வரும்?

தவக்காலம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கட்டில்கள்தான். நன்றாக இருக்கும்போதே அந்தச் சொற்களை வாயில் பழக்கிக்கொள்ளும் காலம் அது.

2021-ல் பெருந்தொற்று நேரத்தில், குருவானவர் வாசகத்தை எல்லோருக்கும் பொதுவாக ஒரே முறை சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் தலையிலும் எதுவும் பேசாமல் சாம்பலைத் தூவும்படி உரோமையிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. பணி முடிந்து நேராக அந்தத் திருப்பலிக்குப் போனேன். அந்த வருடம் போல அந்தச் சடங்கு எனக்கு வேறு எப்போதும் புரிந்ததில்லை.

திறந்தவேதம்

சகோதரரே, சகோதரி, மனம் புண்பட வேண்டாம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்பது நாள் நோன்பு காலத்தை அனுசரியுங்கள் என்று வேதத்தில் எந்த அப்போஸ்தலனும் சொல்லவில்லை. இயேசு நாற்பது நாள் உபவாசம் இருந்தார், சரி, ஆனால் என்னைப் போல வருடா வருடம் இருங்கள் என்று கட்டளையிடவில்லை. போஜனத்தையும் பானத்தையும் பண்டிகை நாளையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த இடம் கொடாதிருங்கள் என்பதுதான் கொலோசெயர் 2:16-ன் போதனை. 1522-ல் சூரிக் நகரத்தில் ஒரு அச்சகக்காரர் வீட்டில் லெந்து நாளிலேயே, அதாவது தவக்காலத்திலேயே, இறைச்சி சாப்பிட்டார்கள். அங்கே இருந்த சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லி தான் சாப்பிடவில்லை என்றாலும் அவர்கள் பக்கம் நின்று பிரசங்கம் செய்தார். அந்த நகரத்தின் சீர்திருத்தம் அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்து புறப்பட்டது என்றே சொல்லலாம்.

சாம்பல் விஷயம் இன்னும் வெளிப்படையானது. புதன்கிழமை ஆராதனையில் நீங்கள் வாசிக்கிற பகுதியே மத்தேயு 6. உபவாசிக்கும்போது உன் தலைக்கு எண்ணெய் பூசு, முகத்தைக் கழுவு, மனுஷர் காணும்படி செய்யாதே என்கிறார். அதை வாசித்துவிட்டு முகத்தில் அடையாளத்தோடு தெருவில் நடப்பது எனக்குப் புரியவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், மரணத்தை ஜெயித்தவரை ஆராதிக்கிற நாம் ஏன் மரணத்தையே உட்கார்ந்து தியானிக்க வேண்டும்? மரணமே, உன் கூர் எங்கே என்று பவுல் கேட்கிறார். நமக்கு முன்னால் இருப்பது திறந்த கல்லறை. மூடியிருந்த நாட்களுக்குத் திரும்பிப்போக எனக்கு மனமில்லை.

எளியவன்

மத்தேயு 6 பற்றிய கேள்வி எனக்கும் உண்டு அண்ணே. சில நாடுகளில் நெற்றியில் குறி இடாமல் உச்சந்தலையில் தூவுவதுதான் வழக்கம், அப்போது வெளியே தெரியாது. நெற்றியில் இட்டுக்கொண்டால் திருப்பலி முடிந்ததும் துடைத்துவிடுவதிலும் தப்பில்லை என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. யாராவது சொல்லுங்கள்.

பழைய_வாசகர்

நான் சீர்திருத்த சபையில் வளர்ந்தவன், எங்களுக்கு லெந்து உண்டு, சாம்பல் எல்லா இடத்திலும் கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெந்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் திறந்தவேதம் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதி நாற்பது நாட்களை எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகவே குறிப்பிடுகிறது. அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்தைய வாரங்கள் முக்கியமாக ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களின் ஆயத்த காலம். அவர்கள் உபவாசித்தார்கள், போதனை கேட்டார்கள், சபையும் அவர்களோடு சேர்ந்து உபவாசித்தது. ஈஸ்டர் இரவில் தண்ணீரில் இறங்கினார்கள். அந்தத் தண்ணீர் என்ன? ரோமர் 6-ல் பவுல் சொல்வதைப் படியுங்கள், கிறிஸ்துவின் மரணத்துக்குள்ளாக ஞானஸ்நானம், அவரோடு அடக்கம்பண்ணப்படுதல். அப்படியானால் அந்த நாற்பது நாளும் அவர்கள் தங்கள் அடக்கத்துக்குத்தான் ஆயத்தப்பட்டார்கள். அந்த அடக்கத்திலிருந்து எழுந்து வருகிறவனுக்கு இனி வரப்போகிற சரீர மரணம் இரண்டாவது மரணம் போல, பெரியது ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. லெந்து நாட்களில் மரணத்தைத் தியானிப்பது என்றால் இதைத்தான் என்று நான் புரிந்துகொண்டேன். எல்லோரும் சாவோம் என்ற பொதுவான சோக உண்மையைச் சொல்ல ஸ்தோயிக்கர் என்ற பழைய தத்துவவாதிகள் போதும். அவர்களில் ஒருவரான செனெக்கா அதை நன்றாகவே சொல்லியிருக்கிறார், அவருக்குச் சிலுவை தேவைப்படவில்லை.

சாம்பல் பின்னால் வந்தது. பகிரங்கமான பாவத்துக்காகச் சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் மனந்திரும்புதலின் அடையாளமாக அதை ஏற்றார்கள். 11-ம் நூற்றாண்டு முடிவதற்குள் மேற்குச் சபையில் அது எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாகிவிட்டது. இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பகிரங்கப் பாவிகளுக்கான அடையாளத்தை மற்றவர்கள் தாங்களாக வந்து வாங்கிக்கொண்டார்கள், ஆயர்கள் உட்பட. அந்தச் சாம்பலும் முந்தைய வருடக் குருத்து ஞாயிறின் ஓலைகளை எரித்து எடுப்பது. ஓசன்னா என்று பிடித்த கையில் மிஞ்சியது அதுதான்.

இன்னொன்று, திறந்தவேதம் திறந்த கல்லறையைச் சொன்னதால் சொல்கிறேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனிவரை எண்ணிப்பாருங்கள், 46 நாட்கள் வரும். அதில் 6 ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அதனால் லெந்துக்குள்ளேயும் அது உபவாச நாளாக எண்ணப்படவில்லை. வாரம் ஒருமுறை கல்லறை திறந்திருக்கிறதை உறுதிசெய்துகொண்டுதான் சபை மரணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறது.

இப்போது செவிலியர் சகோதரி சொன்னதற்கு வருகிறேன், அது என்னை உலுக்கிவிட்டது, ஏனென்றால் 1519-ல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர் எழுதிய ஒரு பிரசங்கம் அப்படியே அதைத்தான் சொல்கிறது. சாவதற்கு ஆயத்தப்படுவது பற்றிய பிரசங்கம் அது. அதில் அவர் தரும் ஆலோசனையை என் வார்த்தையில் சொல்கிறேன்: மரணம் தூரத்தில் இருக்கும்போது, இன்னும் நம் பக்கம் நகராமல் இருக்கும்போது, அதைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். சாகும் வேளையில் அதைப் பார்க்கவே கூடாது. அப்போது அது தானாகவே பெரிதாக நிற்கும், அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது கிறிஸ்துவின் ஜீவனை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதுதான் அவருடைய குறை. சுகமாக இருக்கும்போது மரணத்தை விரட்டுகிறோம், படுக்கையில் விழுந்த பிறகு அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் தவிக்கிறோம். நம்முடைய கர்த்தர் மனந்திரும்புங்கள் என்றபோது விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவே விரும்பினார் என்று 1517-ல் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதில் எழுதியவரும் இதே ஆள்தான். அவர் லெந்துவின் கட்டாயத்தை எதிர்த்தார், லெந்துவின் சாரத்தை அல்ல.

ஈரமண்

இதுவரை எழுதியதை எல்லாம் படித்தேன். நான் இப்படிப்பட்ட இடங்களில் எழுதுகிறவள் இல்லை.

என் மகன் இறந்துவிட்டான். சிறு பிள்ளை. அதற்கு அப்புறம் வந்த திருநீற்றுப் புதனில் எனக்கு முன்னால் ஒரு தாய் கைக்குழந்தையோடு நின்றாள். குருவானவர் குழந்தையின் நெற்றியிலும் சாம்பலை இட்டு அதே வாசகத்தைச் சொன்னார். நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன், அதன் பிறகு அந்த நாளில் போவதில்லை.

எளியவன் தம்பி, மண் என்ற சொல் கேட்காமல் போவது இழப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மண்ணை என் கையால் போட்டிருக்கிறேன். எனக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை, எனக்கு மறக்கத்தான் தெரியவில்லை. சாவைக் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொல்கிறார் லுத்தர், அது என் வீட்டிலிருந்து எழுந்து போகவே இல்லையே. என்னைப் போன்றவர்களுக்குத் தவக்காலத்தில் என்ன இருக்கிறது? கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எளியவன்

அக்கா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. சாவைப் பற்றி யோசிக்கிறோமா என்று நான் கேட்டது யோசிக்காமல் இருக்க முடிகிறவர்களைப் பார்த்துத்தான். உங்களிடம் அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

நள்ளிரவுப்பணி

அக்கா, நீங்கள் வரிசையை விட்டு வந்ததில் எந்தத் தவறும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாம்பல் வாங்குவது கட்டளை இல்லை, அருளடையாளமும் இல்லை. நோன்பு விதியிலேயே திருச்சபை வரம்பு வைத்திருக்கிறது, 18 வயதுக்குக் கீழேயும் 59 வயது நிறைந்தவர்களுக்கும் கட்டாயமில்லை, நோயாளிகளுக்கும் இல்லை. தாங்க முடியாதவர் மேல் சுமை ஏற்றுவது அதன் நோக்கமே இல்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஏற்கனவே ஒரு தவக்காலம் வாய்த்துவிட்டது, இன்னொன்றைத் தேடிப்போக வேண்டாம்.

மண் என்ற சொல் விவிலியத்தில் ஒரு தடவை மட்டும் வரவில்லை. தொடக்க நூலில் தீர்ப்பாக வருகிறது. 103-ம் திருப்பாடலில், 14-ம் வசனத்தில், அதே சொல் வேறு தொனியில் வருகிறது. அங்கே தகப்பன் பிள்ளைகளுக்கு இரங்குவதைப் பற்றிச் சொல்லிவிட்டு, நம் உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார் என்று வருகிறது. நினைவில் வைத்திருக்கும் வேலையை அங்கே அவர் எடுத்துக்கொள்கிறார். உங்களுக்கு உரிய வசனம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கைக்குழந்தைக்கும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பொதுவாக மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாவைத் தியானிப்பது எல்லா மனநிலைக்கும் ஏற்றதல்ல. சாக வேண்டும் என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் தனியாக உட்கார்ந்து இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு இந்த நாற்பது நாளின் தவம், நம்புகிற ஒருவரிடமும் மருத்துவரிடமும் வாய் திறந்து சொல்வது. ஆன்மீக இயக்குநர் என்று நல்லவர் யாராவது இருந்தால் அவரும் இதைத்தான் சொல்வார்.

கிழக்குவாசல்

நான் கீழைத் திருச்சபை மரபைச் சேர்ந்தவன். பைசாந்திய வழிபாட்டில் சாம்பல் புதன் என்ற ஒன்றே கிடையாது, பெரிய நோன்பு திங்கட்கிழமையில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாலை மன்னிப்பு ஞாயிறு. ஆலயத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் முன் குனிந்து என்னை மன்னியுங்கள் என்று கேட்க வேண்டும், குருவானவர் மக்களிடம், கணவன் மனைவியிடம், பெற்றோர் பிள்ளைகளிடம். கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன் என்று பதில் வரும். செவிலியர் சகோதரி சொன்ன அந்தத் தந்தை மகன் கதையைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. கட்டிலருகில் பேச வேண்டிய பேச்சை எங்களை வருடா வருடம் நின்றுகொண்டே பேசவைக்கிறார்கள்.

சிரியாவின் எப்ரேம் பெயரில் வழங்கும் ஒரு சிறு செபம் நோன்பு முழுவதும் தரையில் விழுந்து சொல்லப்படும். அதன் முடிவில் கேட்பது, என் குற்றங்களை நான் காணவும் என் சகோதரனைத் தீர்ப்பிடாமல் இருக்கவும் அருளும் என்று. நான்காம் நூற்றாண்டு மனிதர், இத்தனை காலத்துக்கு அப்புறமும் அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை.

ஈரமண் அக்காவுக்கு இரண்டு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். எங்கள் நோன்பு முடிகிற இடத்தில், குருத்து ஞாயிறுக்கு முந்தைய நாள், இறந்த லாசருவை இயேசு எழுப்பியதை நினைக்கும் லாசரு சனி. மேற்கிலும் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே யோவான் 11 வாசிக்கப்படுகிறது. லாசரு எழுவதைக் காட்டும் எங்கள் திருவுருவப் படங்களில், கல்லறை வாசலில் நிற்கிறவர் மூக்கைத் துணியால் மூடியிருப்பார். நாலு நாளாயிற்று, நாறுமே என்று மார்த்தா சொன்னதை ஓவியர் விடாமல் வரைகிறார். சாவு அழகானது, இயல்பானது என்று யாரும் அங்கே பூசி மெழுகவில்லை. எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த இயேசுவே அங்கே நின்று அழுதார். மரணம் கடைசிச் சத்துரு என்று பவுல் எழுதியது சும்மா இல்லை. அதை நண்பனாக ஏற்றுக்கொள்ளும்படி உங்களிடம் யாரும் கேட்க முடியாது.

இரண்டாவது, பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டர் இரவில், எங்கள் ஆலயங்களில் எல்லாம் பழைய காலத்து ஆயர் கிறிசோஸ்தோம் பெயரில் உள்ள ஒரு மறையுரை வாசிக்கப்படும். முதல் மணி நேரத்திலிருந்து உழைத்தவனும் வரட்டும், பதினோராம் மணி நேரத்தில் வந்தவனும் பயப்படாமல் வரட்டும், நோன்பு இருந்தவர்களும் இராதவர்களும் இன்று மகிழுங்கள் என்று அழைக்கும். நோன்பை முழுதாகக் கடைப்பிடித்த துறவிகள் நிற்கிற அதே இடத்தில்தான் அதை வாசிக்கிறார்கள். சாம்பலுக்குப் போகாமலே பாஸ்காவுக்கு நீங்கள் வரலாம் அக்கா.

திறந்தவேதம்

ஈரமண் சகோதரி, உங்கள் துக்கத்துக்கு முன்னால் என் வாதம் எதுவும் பெரிதல்ல. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

மற்றவர்களுக்கு: ஞானஸ்நானம் பற்றிப் பழைய வாசகர் ஐயா எழுதியதை நான் ஏற்கிறேன், ரோமர் 6 தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஒரு பயம் எனக்குப் போகவில்லை. சபைச் சரித்திரத்தில் மரணத்தைக் காட்டி ஜனங்களைப் பயமுறுத்தியது கொஞ்சநஞ்சமா? சுவர்களில் எலும்புக்கூடுகள் ராஜாவையும் பிச்சைக்காரனையும் கையைப் பிடித்து இழுத்துப்போகிற படங்கள், பாவமன்னிப்புச் சீட்டுகள், நரகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கங்கள். எபிரெயர் 2:15 இயேசு வந்த காரணத்தையே இப்படிச் சொல்கிறது, ஜீவகாலமெல்லாம் மரணபயத்தினாலே அடிமைத்தனத்திற்குள்ளானவர்களை விடுதலையாக்க வந்தார் என்று. அந்த அடிமைத்தனத்தை நாமே மறுபடி கட்டியெழுப்பக் கூடாது.

பழைய_வாசகர்

அதில் நான் உங்களோடு முழுமையாக நிற்கிறேன் தம்பி. 1347-க்கு அப்புறம் கொள்ளைநோய் ஐரோப்பாவைத் துடைத்தெடுத்த பிறகு மரண நடனப் படங்கள் பரவின. பாரிஸில் ஒரு கல்லறைத் தோட்டத்துச் சுவரில் 1424, 1425 வாக்கில் வரைந்தது மிகவும் பேசப்பட்டது. அதை வரைந்தவர்கள் பயமுறுத்த மட்டுமே வரைந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து வீடுகள் காலியாவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ராஜாவும் போப்பும் விவசாயியோடு ஒரே வரிசையில் போவது ஏழைக்கு ஒரு ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பயத்தைக் காசாக்கியவர்கள் இருந்தார்கள், அதை மறைக்க முடியாது.

எப்படி வித்தியாசம் காண்பது என்று கேட்டால் நான் பார்க்கிற அளவுகோல் ஒன்றுதான். மரணத்தைப் பற்றி ஒருவர் பேசிய பிறகு கேட்டவன் யாருடைய கைக்குள் போகிறான்? பேசியவரின் கைக்குள் போனால் அது அடிமைத்தனம். வீட்டுக்குப் போய்த் தம்பியோடு சமாதானம் ஆனால், கையில் இருப்பதை இல்லாதவனுக்குக் கொடுத்தால், அது வேறு. லூக்கா 12-ல் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானிடம், இந்த இராத்திரியிலே உன் ஆத்துமா எடுத்துக்கொள்ளப்படும் என்று சொல்லப்படுகிறது. அவன் செய்த பெரிய பாவம் என்று அங்கே எதுவும் இல்லை. விளைச்சல் நன்றாக இருந்தது, சேமித்தான். அவன் பேச்சு முழுக்க என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா என்றுதான் போகிறது, வேறு ஒரு மனிதனும் அதில் இல்லை. உபவாசத்தோடு தர்மத்தையும் சபை எப்போதும் சேர்த்தே வைத்ததற்கு இதுதான் காரணம். நாம் வெறுங்கையோடு போகப்போகிறவர்கள் என்பது நிஜமானால், கையை இப்போதே திறக்கப் பழக வேண்டாமா?

எளியவன்

நான் கேட்டதைவிடப் பலமடங்கு கிடைத்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு கேள்வி, ரொம்பச் சாதாரணமானது. தினமும் என்ன செய்வது? பெரிய தியானம் எல்லாம் எனக்கு வராது. உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மனம் வேலைக்குப் போய்விடும்.

கிழக்குவாசல்

மடத்துத் தலைவரான புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், நான்காம் அதிகாரத்தில், நற்செயல்களின் நீண்ட பட்டியலுக்கு நடுவே, சாவைத் தினமும் கண்முன் வைத்திரு என்று ஒரே ஒரு வரி வருகிறது. அதைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள்: ஏழைக்கு உதவு, நோயாளியைப் பார்க்கப் போ, கோபத்தைச் சேர்த்து வைக்காதே, சூரியன் மறைவதற்குள் சமாதானமாகு. தனியாக உட்கார்ந்து செய்கிற ஒன்றாக அவர் அதை வைக்கவில்லை. தவக்காலம் பற்றிய 49-ம் அதிகாரத்தில் அவர் இரண்டு முறை சொல்வது மகிழ்ச்சி என்ற சொல், ஏங்கும் மகிழ்ச்சியோடு பாஸ்காவை எதிர்பார்த்திரு என்று.

நள்ளிரவுப்பணி

நான் செய்வதைச் சொல்கிறேன். இரவு செபத்தில் எல்லா நாளும் ஒரு வரி உண்டு, 31-ம் திருப்பாடலிலிருந்து, உமது கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன் என்று. சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்னது அதே வரிதான், லூக்கா 23:46. அதற்கு அப்புறம் சிமியோனின் பாடல், உமது அடியேனை இப்போது அமைதியுடன் போகவிடுகிறீர் என்று ஒரு கிழவர் குழந்தை இயேசுவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது. முடிவில், நிம்மதியான இரவையும் நல்ல முடிவையும் தாரும் என்ற ஆசி. பல நூற்றாண்டுகளாகத் தூங்கப்போகும் கிறிஸ்தவர்கள் இப்படித்தான் சாவுக்கு ஒத்திகை பார்த்திருக்கிறார்கள், சத்தமில்லாமல். ஐந்து நிமிடம்கூட ஆகாது தம்பி. காலையில் எழுந்தால் அதுவும் ஒரு கொடை.

அப்புறம் இதையும் செய்யுங்கள், இது என் வேலையிலிருந்து வருகிறது. உயில் எழுதாதவர்கள் இந்த வாரங்களில் எழுதுங்கள். நினைவிழந்து கிடந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் முடிவெடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் அடக்கத்தில் எந்தப் பாடல், எந்த வாசகம் என்று குறித்து வையுங்கள். இது அபசகுனம் என்று வீட்டில் சத்தம் போடுவார்கள், போடட்டும். அந்தக் காகிதம் இல்லாமல் அண்ணன் தம்பி நடைபாதையில் நின்று சண்டை போடுவதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இறைச்சியை விடுவதைவிட இது கடினமான தவம்.

ஈரமண்

நள்ளிரவுப்பணி, கிழக்குவாசல், எல்லோருக்கும் நன்றி. இந்த வருடமும் சாம்பலுக்குப் போக மாட்டேன். இரவு வரியைச் சொல்லிப் பார்க்கிறேன். அதில் என் உயிரை என்று வருகிற இடத்தில் என் மகனையும் சேர்த்துச் சொல்லலாமா? கேட்க வேண்டியதில்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

நள்ளிரவுப்பணி

தாராளமாகச் சொல்லுங்கள் அக்கா. நானும் என் நோயாளிகளின் பெயர்களைச் சேர்த்துத்தான் சொல்கிறேன், இறந்துபோனவர்களையும் சேர்த்து.

திறந்தவேதம்

மரித்தவர்களுக்காக ஜெபிப்பது பற்றி எங்கள் சபையின் போதனை வேறு, அது உங்களுக்கும் தெரியும், அதை இங்கே இழுக்கப் போவதில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைக் கர்த்தருடைய கையில் வைப்பதை நான் ஏன் தடுக்க வேண்டும்?

சாம்பலைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் ஐயா சொன்ன லுத்தரின் ஆலோசனையும் சகோதரி சொன்ன கட்டில்களும் மனதில் நிற்கின்றன. வருகிற ஞாயிறு எங்கள் ஜெபக்கூட்டத்தில் செய்தி கொடுக்கிறவன் நான், சங்கீதம் 90-ஐ எடுக்கலாம் என்றிருக்கிறேன். நாங்கள் ஞான இருதயமுள்ளவர்களாகும்படி எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும் என்ற 12-ம் வசனம். ஐயா, நீங்கள் அதில் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள், எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய_வாசகர்

நல்ல தேர்வு தம்பி. ஒன்றே ஒன்று, 12-ம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நான் கேட்ட பல பிரசங்கங்கள் எழுபது வருடம், பலத்தின் மிகுதியால் எண்பது என்ற 10-ம் வசனத்தில் ஆரம்பித்து 12-ல் முடிந்துவிடும், ஜனங்கள் தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்குப் போவார்கள். சங்கீதம் அங்கே முடியவில்லை. 14-ல் காலையிலே உம்முடைய கிருபையால் எங்களைத் திருப்தியாக்கும் என்று கேட்கிறார். 15-ல் சிறுமைப்பட்ட நாட்களுக்கும் துன்பத்தைக் கண்ட வருஷங்களுக்கும் சரியாய் மகிழ்ச்சியைக் கேட்கிறார், அது துணிச்சலான கணக்கு, ஈரமண் மாதிரி ஒருவர் உங்கள் கூட்டத்திலும் உட்கார்ந்திருப்பார், அவருக்காக அங்கே கொஞ்சம் நில்லுங்கள். 17-ல் எங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும் என்று இரண்டு தடவை சொல்லி முடிக்கிறார். புல்லைப் போல உலர்ந்துபோகிறோம் என்று ஆரம்பத்தில் சொன்ன அதே மனிதன், திங்கட்கிழமை வேலைக்காக ஜெபிக்கிறான். நேரம் குறைவாக இருந்தால் முதல் பாதியைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கடைசி ஐந்து வசனங்களுக்கு நேரம் கொடுங்கள்.